எட்டாவது கண்ணாடி

இருபத்திரண்டு வருடம் வக்கீலாக இருந்து அவர் சேர்த்த ஒரே அசையாச் சொத்து ஒரு பட்டப்பெயர். வாய்தா. வழக்கைத் தள்ளிப்போடச் சொல்லி அடுத்த தேதி வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கோர்ட்டில் ஆள் கிடையாது. வயிற்றுவலி, வழக்குக் கட்டைக் காணவில்லை, கட்சிக்காரர் வெளியூர், வெளியூர் போன கட்சிக்காரருக்கும் வயிற்றுவலி. குமாஸ்தாக்கள் முகத்துக்கு நேராகவே, "என்ன வாய்தா சார், இன்னிக்கு வயிறா, கட்டா?" என்று கேட்பார்கள். அவரும் கூசாமல், "காலையில வயிறு, மத்தியானம் கட்டு" என்பார். கோபித்துக்கொள்கிற அளவுக்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு சரிதான்.

ஆனாலும் மனிதருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு சாட்சி கூண்டில் ஏறினால் போதும், தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருவார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டிவிடுவார். "அப்போ மணி ஆறுக்கு மேல ஆயிருக்கும், இல்லையா?" "நீங்க நின்ன இடத்துலேர்ந்து கதவு தெரியாது, சரிதான?" சாட்சிக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. பதில் தெரியாத கேள்வியை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் முதல் நாளே சொல்லியிருந்தார். சீனியர் சொன்ன ஆயிரம் விஷயத்தில் அவர் மண்டையில் ஏறியது அது ஒன்றுதான்.

அந்த வித்தைதான் கடைசியில் அவரைத் தொழிலை விட்டே துரத்தியது. ஒரு விபத்து வழக்கு. சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் சாட்சி. கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். இருபது நிமிடம் கேட்டார். இருபதாவது நிமிடத்தில், நான் வாசலில் நிற்கவேயில்லை, உள்ளேதான் இருந்தேன் என்று அவளே சொல்லிவிட்டாள். இவர் ஜெயித்தார். கட்சிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண் இவரைப் பார்த்ததும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்துப் போயிருப்பார். அவள் திட்டவில்லை. "சார், நான் வாசல்லதான நின்னேன்? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியும். வாசலில்தான் நின்றாள். அன்றைக்கு வாய்தா கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டினார். மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ உயரம் குறைத்துக்கொண்டிருந்தாள். பழைய துணி பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது அவள் தொழில். உண்மையைச் சொன்னால் வீடு பல வருடமாக அந்த மெஷினின் காலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இந்தத் தொழிலை விட்டுடறேன். உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

"சந்தோஷம்தான?"

"ஆமாங்க."

ஆயிற்று, விசாரணை முடிந்தது. மனிதர் நிம்மதியாகக் குளிக்கப் போனார். அந்த இரண்டு பதிலும் தானே போட்டுக்கொடுத்தவை என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்து என்ன செய்வது? யாரையும் ஜெயிக்க வேண்டாத வேலையாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தார். வகுப்பில் எல்லாம் பத்தொன்பது, இருபது. நாற்பத்தெட்டு வயதில் இவர் ஒருவர். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், வாத்தியார் என்று நினைத்து. மனைவியின் தம்பிக்கு விஷயம் தெரிந்தபோது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "மாமா, வக்கீல் வேலையை விட்டுட்டு யாராவது கண்ணாடி விக்கப் போவாங்களா?"

"ரெண்டுமே உண்மையைத் தேடுற வேலைதான்டா."

"அதை நீங்க எப்ப மாமா தேடுனீங்க?"

அவர் பாடப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார்.

படிப்பு முடிந்து அவர் வேலை கேட்டுப் போய் நின்ற கண்ணாடிக்கடையின் சொந்தக்காரி அவருடைய பழைய கட்சிக்காரர். கடையைக் காலி பண்ணச் சொல்லிக் கட்டடக்காரர் போட்ட வழக்கை இவர் பத்து வருடம் நடத்தினார். நடத்தினார் என்பது பெரிய வார்த்தை, இழுத்தார். பதினோராவது வருடம் பொறுமை போய் அந்த அம்மாள் நேராகக் கட்டடக்காரர் வீட்டுக்குப் போய், "உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று கேட்டார். பின்பக்கத்து அறை மட்டும் போதும் என்றார் அவர். கால் மணி நேரத்தில் சமாதானம்.

"வக்கீல் சார், ஒரு விதத்துல நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன்" என்றார் கடைக்கார அம்மாள். "நீங்க இழுத்த பத்து வருஷமும் நான் இங்கயேதான் கடை நடத்தினேன். மூணு மாசம் பாருங்க. சரிப்பட்டா வெச்சுக்கறேன். சரிப்படலைன்னா வாய்தா கிடையாது."

கடையின் உள்பக்கம் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் காலால் மிதித்து உயர்த்துகிற நாற்காலி, எதிர்ச் சுவரில் விளக்கு எரியும் எழுத்துப் பலகை, மரப்பெட்டியில் வரிசையாக லென்ஸ்கள். வந்தவர் மூக்கில் இரும்புக் கனத்தில் ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். கண்ணை அளக்கிற மெஷின் ஒரு உத்தேசமான எண்ணைத்தான் சொல்லும். மிச்சத்தை, இது தெளிவா அது தெளிவா என்று ஆளைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்த அம்மாள் ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். நம்மவருக்கு நாலு நிமிடம்.

"இதைவிட இது தெளிவா இருக்கு, இல்லையா?"

"ஆமா சார்."

"எழுத்து இப்ப பெரிசாத் தெரியுது, சரிதான?"

"தெரியுது சார்."

என்ன சுறுசுறுப்பு, என்ன சுறுசுறுப்பு! நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது, அதுதான் இழுக்கிறார் என்று உள்ளுக்குள் இரக்கப்பட்டார். போதாததற்குத் தன் மூளையை வேறு உபயோகித்தார். பரிசோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். 'மேற்படி பரிசோதனை எனக்கு முழுத் திருப்தி அளிக்கிறது என்றும், இது குறித்துப் பின்னால் எவ்வித ஆட்சேபணையும் எழுப்ப மாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கண் சரியாகத் தெரியாமல் வந்தவர்கள் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் முதல் கண்ணாடி திரும்பி வந்தது. ஒரு டாக்சி டிரைவர். "படிக்கட்டு இறங்கினா பள்ளத்துல கால் வெக்கிற மாதிரி இருக்குய்யா!" என்று கத்தினார். அடுத்து ஒரு கணக்குப் பிள்ளை. அப்புறம் ரொட்டிக்கடைக்காரர், அவர் சம்சாரம். திரும்பி வந்தவற்றைப் போட்டு வைக்கக் கல்லா பக்கத்தில் ஒரு நீல டப்பா உண்டு. அது நிறைய ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் இவர் எதிர்வாதம் தயாராக வைத்திருந்தார். லென்ஸ் அறுத்த பட்டறையில் தவறு. சட்டம் கோணல். ரொட்டிக்கடைக்காரருக்கு மூக்கே ஒரு பக்கம் சாய்வு. எல்லாம் தோற்றபோது கையெழுத்துத் தாளை எடுத்துக் காட்டினார்.

அந்த அம்மாள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு வக்கீல் சார். கண்ணுதான் தெரியலையாம்" என்றார். பிறகு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து எண்ணினார். "ஏழு. இன்னும் பதினோரு நாள் இருக்கு உங்க மூணு மாசத்துக்கு. அதுக்குள்ள எட்டாவது ஒண்ணு இதுல விழுந்துச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, வேற இடம் பாத்துக்குங்க."

கோர்ட்டுக்குத் திரும்ப முடியாது. குழாயடியைத் தாண்டிப் போக அவருக்குத் தைரியம் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் மூன்றாவதாக ஒரு தொழிலுக்கு எவன் கதவைத் திறப்பான்? சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் புலம்பினார். அவள் துணியிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். "எட்டாவது வராதுங்க" என்றாள். எவ்வளவு நம்பிக்கை நம் மேல் என்று இவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் கரண்ட் போய்விட்டது. மெஷினும் எழுத்துப் பலகையும் செத்துக் கிடக்க, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் அனுப்பிவைத்தார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. மனைவி ஜன்னலோரம் நின்று ஒரு பேன்ட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முகத்தில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இவரே பரிசோதித்துக் கொடுத்த கண்ணாடி, நூல்கண்டுகளுக்கு நடுவே மடித்துக் கிடந்தது. பேன்ட்டைக் கை எட்டும் மட்டும் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, குத்துமதிப்பாக ஊசியைக் குத்தினாள். ஊசி விரலில் ஏறியது. 'ஸ்ஸ்' என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்து விரலில் ஏற்கெனவே பிளாஸ்திரி.

இவரைக் கண்டதும் திடுக்கிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"கரண்ட் போயிருச்சு. கண்ணாடி நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"தலைவலி ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

அந்தக் குரல். கோட்டை ஆணியில் மாட்டிய அன்றைக்கும் இதே குரலில்தான் இல்லைங்க என்றாள். அந்த இஸ்திரிக்காரப் பெண் கூண்டில் நின்று ஆமா சார், ஆமா சார் என்றதும் இதே குரலில்தான். ரொட்டிக்கடைக்காரரும் டாக்சிக்காரரும்கூட. அடப்பாவி, என்று தன்னைத்தானே வைதுகொண்டார். கோட்டைத்தான் கழற்றினாய், கூண்டைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயே! வந்தவன் போனவனையெல்லாம் ஏற்றி, கடைசியில் பொண்டாட்டியையும் ஏற்றிவிட்டாயே!

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "இந்தக் கண்ணாடியில உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

கொஞ்ச நேரம் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "மூக்குக்கிட்ட கொண்டுவந்தா நல்லாத் தெரியுதுங்க. மெஷின் இருக்கிற தூரத்துல கலங்குது. இதைப் போட்டா கழுத்து வலிக்குது, கழட்டினா ஊசி தெரியல. இந்த ஜிப்பை மூணு தடவை பிரிச்சுட்டேன். போன வாரம் ரெண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"போட்ட நாள்லேர்ந்து."

"ஏன்டி சொல்லல?"

"முதல்ல, நீங்க ஆசையா பாத்துக் குடுத்தீங்களேன்னு சொல்லல. அப்புறம் அந்த டப்பாவுல ஒவ்வொண்ணா விழுதுன்னு வந்து சொல்ல ஆரம்பிச்சீங்க. என்னோடதும் சேந்தா உங்களை அனுப்பிருவாங்கல்ல. இந்த வேலையும் போனா எங்கங்க போவீங்க?" கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் பத்து நாள்தான். அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்."

வாய்தாவுக்கே வாய்தா கொடுத்தாள். அதிலும் பாருங்கள், அவர் வாழ்நாளில் வாங்கிய எந்த வாய்தாவையும்விட இது நியாயமானது. பத்தே நாள். யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வேலை நிலைத்துவிடும். பழைய வக்கீல் ஒரு நிமிடம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு அவள் விரலைப் பார்த்தார். அழுகை வந்தது. வக்கீல்கள் அழ வேண்டியிருந்தால் தொண்டையைச் செருமுவார்கள், செருமிக்கொண்டார். கண்ணாடியை அவள் மடியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்.

கடையில் கரண்ட் வந்திருந்தது. அவர் நேராகக் கல்லாவுக்குப் போய் நீல டப்பாவில் கண்ணாடியை வைத்தார்.

"யாரோடது?" என்றார் அந்த அம்மாள்.

"என் வீட்டுக்காரியோடது. எட்டாவது."

"என்ன, சட்டம் கோணலா? பட்டறையில தப்பா? இல்ல, மூக்கா?"

"இல்லை மேடம்." அடுத்த இரண்டு வார்த்தை வெளியே வர மறுத்தது. இருபத்திரண்டு வருடமாக எந்தக் கட்சிக்காரரையும் அவர் சொல்லவிடாமல் காபந்து பண்ணிய வார்த்தை. "தப்பு என்னோடது. அந்த ஏழும் என்னோடதுதான். நான் யாரையும் கேக்கவே இல்லை மேடம். நானே பதிலைச் சொல்லி ஆமான்னு சொல்ல வெச்சேன். மெஷின்லேர்ந்து எவ்வளவு தூரத்துல உக்காந்து தைப்பாள்னு என் பொண்டாட்டிகிட்டகூடக் கேக்கல. புஸ்தகம் படிக்கறவங்களுக்குக் குடுக்கற பவரைவிட ஒரு படி தூக்கலாவே குடுத்துட்டேன். எழுத்து பெரிசாத் தெரியுதுன்னு அவளைச் சொல்ல வெச்சு."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து கையெழுத்துத் தாள் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "இதையெல்லாம் என்ன பண்றது?"

"பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு மேடம். ஏதாவது எழுதிக்கலாம்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது. அடக்கிக்கொண்டார். "நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்கதான் பாக்கணும். நான் திரைக்கு வெளியில உக்காந்திருப்பேன். உங்க விஷயம் அப்புறம்."

மறுநாள் மனைவி ஊசி, நூல், ஒரு துண்டுத் துணியோடு வந்தாள். இஞ்சு டேப்பும் கொண்டுவந்திருந்தாள். கண்ணுக்கும் ஊசிக்கும் நடுவே எவ்வளவு என்று அவளே அளந்து சொன்னாள். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு இவர் ஒரு லென்ஸைப் போட்டார். "இது ஒண்ணு." மாற்றினார். "இது ரெண்டு. எது தேவலை?"

அவள் பேசவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அவருக்கு உயிர் போயிற்று. 'ரெண்டுதான, ரெண்டுதான' என்று நாக்கு நுனியில் வந்து நின்று முட்டியது. பார்வையைத் திருப்பித் தன் சட்டைப் பொத்தான்களை எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார்.

"தெரியலைங்க" என்றாள், ஏதோ குற்றம் செய்தவள் போல.

"தெரியலைன்னா தெரியலைதான். திரும்பக் காட்டறேன்."

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கடைசியாக ஒரு லென்ஸைப் போட்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்தாள், நூலை நீட்டினாள். ஒரே தடவையில் நூல் உள்ளே போயிற்று. இரண்டு பேரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் கேட்டார். திரைக்கு வெளியே முதலாளி உட்கார்ந்திருப்பதுகூட மறந்துபோயிற்று. "நான் வக்கீல் தொழிலை விட்டது உனக்கு எப்படி இருந்துச்சு?"

இரும்புச் சட்டத்துக்குள்ளிருந்து அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. இந்தத் தடவை அவர் பொத்தான்களை எண்ணவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றாள். "கோவமும்தான். ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டு வந்து நின்னீங்களேன்னு. இத்தனை நாளும் உங்க மேல கோவமாவே இருந்தேன், உங்களுக்குத் தெரியாது."

"அன்னிக்கு இல்லைன்னியே."

"நீங்க கேட்ட கேள்விக்கு அதுதானங்க பதில்?"

அவர் தலை குனிந்துகொண்டார். "இப்போ?"

"பயம் அப்படியேதான் இருக்கு. கோவம் நேத்து போச்சு." ஊசியைத் துணியில் பத்திரமாகக் குத்தி வைத்தாள். "எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்னு சொன்னீங்களே. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க வாயிலேர்ந்து அதை நான் கேட்டதே இல்லை."

அப்படின்னா மொத்தத்தில் சந்தோஷம்தான, என்று ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். ஒரு கையெழுத்துத் தாளைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் அவளுக்குச் சரிப்பட்ட லென்ஸின் எண்ணை எழுதினார்.

வெளியே அந்த அம்மாள் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "வக்கீல் சார், அந்த ஏழு பேர் நம்பரும் எழுதிப் போன் பக்கத்துல வெச்சிருக்கேன். நீங்களே கூப்பிட்டு வரச் சொல்லுங்க, நீங்களே பாருங்க. ஏழும் முடிஞ்சா மேல பேசலாம். முதல்ல அந்த டாக்சிக்காரர். கோவக்காரர். எடுத்த எடுப்புலயே தப்பு என்னோடதுன்னு சொல்லிருங்க, பாதி இறங்கிடும்."

"நாளைக்குக் கூப்பிடட்டுமா மேடம்?" என்று வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி நகர்ந்தது. இந்தப் பக்கம் மனைவி இரும்புச் சட்டத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, இப்பவே கூப்பிடறேன்" என்று எழுந்துபோய்ப் போனை எடுத்தார். வயிறு வலித்தது. இருபத்திரண்டு வருடமாக மனுவில் எழுதிய வலி, இன்றைக்குத்தான் நிஜமாகவே வந்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்சிக்காரரின் எண்ணை அழுத்தினார்.